ஞாயிறு காலை ஒன்பது மணிக் கிளாஸ்

1

என் தம்பி முருகேசன் பன்னிரண்டு நாட்களாகத் தென்காசியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். கல்லீரல். வயது நாற்பத்தாறு. நான் கென்டக்கி மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊரில், அடுப்படி மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு ஐம்பது. இரண்டு ஊர்களுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை. குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். அப்போது அங்கே ஏழரை ஆகிவிடும்.

ஏழு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் காலை ஒன்பது மணிக்கு இந்த மேசையில் நான் ஒரு கிளாஸ் கலந்திருக்கிறேன். செய்முறை எளிது. அடி கனத்த கண்ணாடி டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் மேல் மூன்று சொட்டுக் கசப்புச் சாறு. வேரும் மரப்பட்டையும் ஊறவைத்த சாற்றைச் சின்னக் குப்பியில் விற்கிறார்கள். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் கட்டியை நசுக்க வேண்டும். பிறகு பெரிய ஐஸ் கட்டி ஒன்று. அறுபது மில்லி போர்பன். இது இந்த மாநிலத்தின் சோள விஸ்கி, உள்பக்கம் கரித்த மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு வரும். கடைசியாக ஆரஞ்சுத் தோலை ஒரு விரல் நீளம் சீவி, டம்ளருக்கு மேலே பிடித்து முறுக்கினால் தோலின் எண்ணெய் பரப்பில் படரும். கலக்கிவிட்டுக் காத்திருந்து, மெதுவாகக் குடிக்க வேண்டும்.

மெதுவாக. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் தம்பியை நான் கெடுத்தேன்.

2

இங்கே வருவதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்தது. மகள் மதியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் ஒரு நிறுவனத்தில், பெட்டிமேல் வரும் எழுத்துகளில் பிழை திருத்துகிறேன். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை, யார் சாப்பிடக் கூடாது. அளவுகளைச் சரிபார்ப்பது என் தொழில்.

முருகேசன் தென்காசியில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கீழப்பாவூர் வயலை விற்ற பங்கில் குத்துக்கல்வலசையில் வீடு கட்டினான். அவனும் குடிப்பான். சனிக்கிழமை கடையைப் பூட்டியதும் போய் நின்றபடியே ஒரு குவார்ட்டரை இரண்டு மடக்கில் இறக்குவான். வாயைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்து, தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். குற்றாலத்தில் சீசன் என்றால் கூட்டாளிகளோடு லாட்ஜில் ஒரு நாள் கூடுதல். மற்ற நாட்களில் தொடமாட்டான். வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை. என் முன்னால் அவன் சிகரெட்கூடப் பிடித்ததில்லை. எதிரே நான் வந்தால் கையைப் பின்னால் கொண்டுபோவான், நாற்பது வயதிலும்.

எனக்கு இது அசிங்கமாகத் தெரிந்தது. ஏழு வருடம் முன்பு விடுமுறைக்குப் போனபோது இரண்டு பாட்டில் போர்பன் கொண்டுபோனேன். ஒரு மாலை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்றைத் திறந்து வைத்தேன்.

"அண்ணே, இதெல்லாம் எதுக்கு? எடுத்து உள்ள வைங்க" என்றான் முருகேசன்.

"உக்காருலே. ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கதுதான் அசிங்கம். ஒரு கிளாஸ முன்னால வச்சி ஒரு மணி நேரம் பேசிக்கிட்டுக் குடிக்கணும். அங்கன எல்லாவனும் வீட்லதான் குடிக்கான்."

"உங்க முன்னால நான் எப்படிண்ணே?"

"நான்தானலே சொல்லுதேன்."

அவன் மனைவி செல்வி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "வீட்ல வேண்டாம் அத்தான். சனிக்கிழமை வெளிய போயிட்டு வாறதே போதும்."

"அளவாக் குடிச்சா ஒண்ணும் ஆகாதும்மா. நான் அளவு சொல்லித் தாரேன்."

"அளவு உங்களுக்குத் தெரியும் அத்தான். இவியளுக்கு வெக்கம் மட்டுந்தான் தெரியும்."

பத்திரிகையில் இருந்தபோது இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் தலைப்பாகப் போட்டிருப்பேன். அன்று சிரித்துவிட்டு ஐஸ் கேட்டேன்.

கசப்புச் சாறு தென்காசியில் ஏது? முருகேசனே வழி கண்டுபிடித்தான். நாட்டுமருந்துக் கடை நிலவேம்புக் கசாயத்தில் மூன்று சொட்டு. "சரக்குக்குச் சரக்கும் ஆச்சு, காய்ச்சலுக்கு மருந்தும் ஆச்சு" என்றான். ஆரஞ்சுக்குப் பதில் கொல்லையில் நின்ற நாரத்தை மரத்துக் காயின் தோல். அளவுக்கு, பிள்ளைகளின் இருமல் மருந்து மூடி. ஒரு மூடி பதினைந்து மில்லி, நான்கு மூடி. நான் எண்ணிக் காட்டினேன், அவன் எண்ணி ஊற்றினான்.

பிறகு டம்ளரை எடுத்து, என்னைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் வாய் குடித்தான்.

3

கென்டக்கி திரும்பியதும் ஞாயிறு வழக்கம் தொடங்கியது. அவனுடைய மாலைக்காக நான் காலையில் குடித்தேன். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பேன். அவன் ஒரு மூடி, இரண்டு மூடி என்று சத்தமாக எண்ணி ஊற்றுவான். நான் தோலை முறுக்குவேன். கடை, மழை, குளத்துத் தண்ணீர், வயலிலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் சம்சாரிகள் என்று ஒரு மணி நேரம் பேசுவோம். உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் என் வாரத்தில் தமிழ் முழுசாகப் பேசிய மணி நேரம் அது ஒன்றுதான். நான் கொடுத்த பாட்டில்கள் தீர்ந்ததும் அவன் உள்ளூர்ப் பிராந்திக்கு மாறினான். "பேருதாண்ணே மாறிருக்கு. செய்முற அதேதான்."

ஒரு நிருபர் இரண்டாவது வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மற்ற ஆறு நாட்கள்? நான் ஆறு ஆண்டுகள் கேட்கவில்லை. வீட்டில் குடிப்பது அசிங்கமில்லை என்று அண்ணன் சொன்ன பிறகு திங்கட்கிழமை மட்டும் எப்படி அசிங்கமாகும்? சனிக்கிழமைக் குவார்ட்டர் தினசரி ஆகி, நான்கு மூடி எட்டாகி, பிறகு மூடியே தேவைப்படாமல் போயிருக்கிறது. ஞாயிறு ஆறரைக்கு மட்டும் மூடி மேசைக்கு வரும்.

மதிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு ஞாயிறு கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட வந்தவள் டம்ளரைப் பார்த்து நின்றாள்.

"அப்பா, மணி ஒன்பது."

"சித்தப்பாவுக்கு அங்கே சாயங்காலம்மா."

"பட், நீங்க இங்க இருக்கீங்கல்ல?"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அதன் பிறகு ஞாயிறு காலைகளில் அவள் அடுப்படிக்கு வந்ததில்லை. சித்தப்பா அவளுக்கு ஒரு கதவுக்குப் பின்னால் கேட்கும் சிரிப்புச் சத்தம் ஆனான்.

அதே ஆண்டு உடல் பரிசோதனைக்குப் போனேன். படிவத்தில் வாரத்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம். ஒன்று என்று எழுதினேன். தனியாகக் குடிப்பதுண்டா என்று அடுத்த கட்டம். பேனா நின்றது. செவிலியிடம், "தம்பியோடு, ஆனால் அவன் இங்கே இல்லை" என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். இறந்துபோன தம்பி என்று நினைத்துவிட்டாள் போல. "வருந்துகிறேன்" என்று சொல்லி, 'ஆம், தனியாக' என்ற கட்டத்தில் அவளே குறியிட்டாள். நான் திருத்தவில்லை.

4

சென்ற ஆண்டு வைகாசியில் போன் திரையில் அவன் கண்கள் மஞ்சளாகத் தெரிந்தன. "கூடத்துல பல்ப மாத்துலே, எல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்றேன். அடுத்த வாரமும் சொன்னேன். அவனும் பல்பை மாற்றியிருக்கிறான்.

ஆனியில் வயிறு வீங்கியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இனி ஒரு சொட்டு உள்ளே போனால் என்னைத் தேடி வராதீர்கள், ஒரு வருடம் தொடாமல் தாண்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். செல்வி அன்றே எனக்கு போன் செய்தாள். அந்த ஆறு ஆண்டுகளில் அவளாக என்னை அழைத்தது அதுதான் முதல் முறை.

"அத்தான், வீட்ல குடிக்கலாம்னு சொன்னது நீங்க. நிறுத்தச் சொல்லுததும் நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாவ."

"சொல்லுதேன்மா."

"சொன்னாப் போதாது. நீங்க குடிக்கதப் பாத்துத்தான் அவிய குடிச்சாவ. நீங்க விடுங்க. அவியளும் விடுவாவ."

அந்த ஞாயிறு நான் கெட்டியாகத் தேயிலைச் சாறு இறக்கி, பால் விடாமல் ஆற வைத்து, அதே டம்ளரில் ஐஸ் போட்டு, ஆரஞ்சுத் தோலை முறுக்கிக் காட்டினேன். செங்கோட்டைப் பக்கம் போய்வந்த பழக்கத்தில் நாங்கள் அதைக் கட்டஞ்சாயா என்போம். அவனும் அதையே கலந்து வைத்திருந்தான். நீரிழிவும் இருந்ததால் சர்க்கரை இல்லை.

"பாத்தா சரக்கு மாதிரியே இருக்குல்லாண்ணே? குடிச்சாத்தான் துக்கம்" என்றான். திரைக்கு வெளியே செல்வி சிரித்தது கேட்டது.

அவன் தொடவில்லை. ஆவணி, ஐப்பசி, மார்கழி. வயிற்று நீர் வற்றியது. சட்டைப் பொத்தான் போட முடிகிறது என்று எழுந்து நின்று காட்டினான். சுவர் நாட்காட்டியில் இந்த ஆண்டின் ஆனியில் ஒரு தேதியைச் செல்வி சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தாள். அந்தத் தேதி இன்று.

5

தை மாதம் ஒரு ஞாயிறு. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. தேயிலை டப்பாவைத் திறந்தேன், காலியாக இருந்தது. அலமாரியில் பாட்டில் இருந்தது. நிறம் ஒன்றுதான். இதற்கு மேல் நான் காரணம் சொன்னால் அது ஜோடனை.

மறுவாரம் தேயிலை வாங்கி வைத்திருந்தேன். பாட்டிலைத்தான் எடுத்தேன். அதற்கடுத்த வாரமும். பிறகு புதன்கிழமையும். கேமராவில் என்ன தெரியப்போகிறது? விஸ்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "சபாஷ்லே, எட்டு மாசம் தாண்டிட்டே" என்று அவனைப் பாராட்டினேன்.

மூன்று வாரம் முன்பு பேச்சின் நடுவில் அவன் சொன்னான்: "அண்ணே, கிளாஸக் கொஞ்சம் கேமராகிட்ட கொண்டாங்க."

கொண்டுபோனேன்.

"ஆட்டுங்க. ஆ... ஐஸச் சுத்திக் கண்ணாடி நூலு மாதிரி கோடு கோடா ஓடுது பாத்தியளா? கட்டஞ்சாயாவுல அது ஓடாது. இந்தா, எங்கிட்டயும் ஐஸுதான கெடக்கு. பாருங்க."

தன் டம்ளரை ஆட்டிக் காட்டினான். அதில் கோடு இல்லை. இத்தனை ஆண்டுகள் டம்ளரைப் பார்த்தே வாழ்ந்தவனின் கண்.

"எத்தன நாளாத் தெரியும்லே?"

"பங்குனில இருந்து."

"ஏன் கேக்கல?"

"மூத்தவனப் போய் எப்படிக் கேக்க?"

"பின்ன இன்னைக்கு ஏன் கேட்ட?"

தன் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னைக்கு ரொம்ப ஆசையா இருக்குண்ணே. இது சாயாதான்னு நீங்க அடிச்சுச் சொல்லிட்டா, நானும் விட்டுருவேன். அதுக்குத்தான் கேட்டேன்."

ஒரு பொய் அவனை அந்த வாரம் காப்பாற்றியிருக்கும். ஐந்து மாதமாகப் பொய்யைக் கையில் பிடித்திருந்தவனுக்கு, வாயில் அது வரவில்லை. அவன் சிரித்தான். "விடுங்கண்ணே. நல்லாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு போனை எடுத்தது செல்வி. "சாரல் அடிக்கி, அருவியில தண்ணி நல்லா விழுது, குளிச்சிட்டு வாரேன்னு குத்தாலத்துக்குப் போனாவ." சொல்லும்போதே அவள் குரலுக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை லாட்ஜ்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ரத்தமாக வாந்தி.

"வீட்ல குடிக்கல அத்தான். வெளிய போய்ட்டாவ" என்றாள் செல்வி. "போன வெக்கம் இப்பத்தான் திரும்பி வந்துருக்கு."

6

நான் ஏன் இன்னும் போகவில்லை என்று ஊரில் கேட்கிறார்கள். கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க அனுப்பியதைத் தூதரகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பிழை என்னுடையது. அப்பாவின் பெயரை ஒரு கட்டத்தில் முதலெழுத்தாகவும் இன்னொரு கட்டத்தில் முழுதாகவும் எழுதியிருந்தேன். முப்பது ஆண்டுகளாக ஊரார் பிழையைத் திருத்துகிறவன்.

அவசரப் பயணத்துக்கு மருத்துவமனைக் கடிதம் கேட்டார்கள். வந்தது. அதில் அவன் பெயர் வெறும் முதலெழுத்தோடு. என் ஆவணங்களில் அப்பா பெயரே குடும்பப் பெயர். "இவர் உங்கள் தம்பி என்பதற்கு என்ன சான்று?" என்று தொலைபேசியில் ஓர் அலுவலர் பண்பாகக் கேட்டார். ஏழு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு ஒரே எண்ணுக்குப் போன அழைப்புகளின் பட்டியல் இருக்கிறது என்றேன். அது சான்றாகாது என்றார். சரிதான். அது வேறொன்றுக்குச் சான்று.

எங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி அனுப்பும்படி செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பகல் முழுதும் மருத்துவமனையில். வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறக்க நேரமில்லை. நேரம் எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவர் சொல்ல மறுக்கிறார். நாள் கணக்கு என்று செல்வி தன் வாயால் சொல்லவில்லை. ஆனால் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகனை வரச்சொல்லிவிட்டாள்.

ஆட்டோ செய்தி வந்த அன்றே பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். மதி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்காமல் காலிப் பாட்டிலைக் கழுவி, குப்பைக்கூடையில் போட்டாள்.

7

நேற்று சாயங்காலம் மதியே வந்தாள். "நாளைக்குச் சித்தப்பாகிட்ட பேசுறப்போ நானும் இருக்கேன்ப்பா. டீ நான் போடுறேன்." நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலையில் அடுப்படிக்கு வருகிறேன் என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சாறு இறக்கி, ஜாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

இன்று ஒன்பது மணிக்கு அழைத்தேன். செல்வி போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மூக்கில் குழாய். கண்கள் மஞ்சள், பல்பைக் குறை சொல்ல இனி வழியில்லை.

"முருகேசா, வருசம் முடிஞ்சிட்டுலே."

"ஆமா. நான்தான் தாண்டல." குரல் காற்றாக வந்தது. "பக்கத்துல யாரு, மதியா? வளந்துட்டாளே."

"ஹலோ சித்தப்பா" என்றாள் மதி. ஐஸ் போட்டு டம்ளரில் தேயிலைச் சாற்றை ஊற்றி, தோலை அவளே முறுக்கிப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு இது நெசமாவே சாயாதாம்லே. பாத்துக்கோ."

"காட்டுங்கண்ணே."

சன்னல் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் ஆட்டினேன். ஐஸ் திரும்பியது. அதைச் சுற்றிக் கண்ணாடி நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து ஓடின. அவனுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

ஒரு வாய் குடித்தேன். பாகு மாதிரி இனித்தது.

"மதி, சர்க்கரை போட்டியா?"

"ஐஸ் டீன்னா ஸ்வீட் டீதானேப்பா? எல்லார் வீட்லயும் அப்படித்தானே போடுவாங்க."

இந்தப் பகுதியில் அப்படித்தான். சுடச்சுடச் சாற்றிலேயே ஜாடிக்கு ஒரு கிண்ணம் சர்க்கரையைக் கரைத்துவிடுவார்கள். அவள் வளர்ந்த ஊர் இது.

"முருகேசா, மதி சர்க்கரை போட்டுட்டாலே. சீனித்தண்ணியிலயும் நூல் ஓடும், அதாம்லே கோடு. சத்தியமாச் சாயாதான்."

"சரிண்ணே."

"செல்வி, நீயாவது சொல்லும்மா. பாட்டில அன்னைக்கே கொட்டிட்டேன்."

திரையில் செல்வியின் ஒரு கை வந்து அவன் போர்வையை இழுத்துவிட்டது.

"நான் ஒண்ணும் கேக்கலயேண்ணே" என்றான் முருகேசன். சிரிக்க முயன்றபோது குழாயில் ஆவி படிந்தது. "குடிங்க. மெதுவாக் குடிங்க."

பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செல்வியின் கை தளர்ந்து, திரையில் விட்டத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது. நான் டம்ளரைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன். மதிதான் மெல்ல அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.